சேத்தக்கா, விஜய் சூப்பரா, எல்எம்எல்லா? புதுப்பித்த பழைய ஸ்கூட்டர் வாங்குமுன்

புதுப்பித்த பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "எதுக்கு?" என்பதுதான். வாரத்தில் இரண்டு நாள் மார்க்கெட்டுக்கும், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஐம்பது அறுபது கிலோமீட்டரும் போய்வர என்றால் எல்எம்எல். அப்பா ஓட்டிய வண்டி மாதிரி ஒன்று வேண்டும், பெரிய தலைவலி கூடாது என்றால் பஜாஜ் சேத்தக். ஸ்பேனர் பிடிக்க ஆசை, வண்டி மாதக்கணக்கில் பிரிந்து கிடந்தாலும் வீட்டில் சண்டை வராது என்றால் லாம்பிரெட்டா குடும்பம்: விஜய் சூப்பர், லாம்பி, யோகம் இருந்தால் பழைய எல்ஐ 150. என் தீர்ப்பு அவ்வளவுதான். ஆனால் இதை இப்படி நாலு வரியில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. விஜய் சூப்பரை போட்டோவில் பார்த்து மனசைப் பறிகொடுத்த பிறகுதான் யோசனை கேட்கவே வருகிறார்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

பெயர் மூன்று என்றாலும் குடும்பம் இரண்டுதான். இத்தாலியில் பியாஜியோ 1946இல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது; அடுத்த வருடமே மிலானில் இன்னோசென்டி லாம்பிரெட்டாவை இறக்கியது. லாம்பிரெட்டாவை இங்கே செய்தது பம்பாயின் ஏபிஐ நிறுவனம். அதைப் பிற்பாடு வாங்கியவர் எம்.ஏ.சிதம்பரம்; ஆம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயராக நிற்பவரேதான். ஏபிஐ செய்த மேக் 175 வண்டியில் இருப்பதும் அவருடைய முதலெழுத்துகள். அந்தக் கம்பெனியின் 150 சிசி வண்டிதான் பிறகு லாம்பி என்று ஊரெல்லாம் ஓடியது. இத்தாலியில் இன்னோசென்டி 1971இல் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தியது. அந்த எந்திரங்களையும் பெயரையும் விலைக்கு வாங்கி, 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விஜய் சூப்பர் பிறந்தது அங்கே.

பஜாஜ் வெஸ்பா வழி. பியாஜியோவுடன் இருந்த உரிமம் 1971இல் முடிய, 1972இல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரோடு சேத்தக் வந்தது. கான்பூரின் எல்எம்எல் 1980களில் அதே பியாஜியோவுடன் கூட்டு வைத்துக்கொண்டது. அதனால் சேத்தக்கும் எல்எம்எல்லும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஆனால் எல்எம்எல் ஒரு தலைமுறை இளையது. சேத்தக்கின் மூலம் 1960களின் வெஸ்பா ஸ்பிரிண்ட். எல்எம்எல்லின் மூலம் 1970களின் கடைசியில் வந்த வெஸ்பா பி வரிசை. ஓட்டும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: 2000களில் வந்த கடைசிச் சேத்தக்குகளில் ஃபோர்-ஸ்ட்ரோக் உண்டு. விளம்பரத்தில் வெறுமனே "சேத்தக்" என்றிருக்கும். நாம் பேசுவது பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக்கைப் பற்றி; அதுதானா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்வது

டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாது என்று கெட்ட பெயர் வாங்கியதில் பாதி, ஓட்டுபவர்களின் அவசரத்தால் வந்தது. மூன்று வண்டிக்கும் வரிசை ஒன்றுதான். பெட்ரோல் டேப்பைத் திறந்து அரை நிமிடம் விடுங்கள், கார்புரேட்டரின் கிண்ணம் நிறையட்டும். சோக்கை, அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழை, இழுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள், இங்கேதான் பலருக்குக் கை சும்மா இருக்காது. கிக்கரை மெதுவாக அமுக்கி, எஞ்சின் எதிர்த்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒரே மிதி, கடைசி வரை. பாதி மிதியும் படபடவென்று பத்து மிதியும் எஞ்சினைப் பெட்ரோலில் முக்கிவிடும்.

முக்கிவிட்டால்? டேப்பை மூடுங்கள், சோக்கைத் தள்ளுங்கள், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு மிதி. உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். அப்படியும் எழுந்திருக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, பர்னரில் ஒரு நிமிடம் காட்டி மாட்டுங்கள். தெரு சரிவாக இருந்தால் இரண்டாம் கியரில் தள்ளி எடுப்பதே சுலபம். ஓட்டுவதென்றால் ஒரு பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு கிளட்ச் கேபிள் இந்த மூன்றும் டிக்கியில் இல்லாமல் தெருமுனை தாண்டக் கூடாது.

ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஸ்டார்ட் செய்கிற அந்தப் பழைய காட்சி பலருக்கு நினைவிருக்கும். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. சாய்க்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஒரு பக்கம் ஏறி, ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் உள்ளே வழியும். அதுவே கை வைத்தியமான சோக். சோக் கேபிள் ஒழுங்காக வேலை செய்கிற வண்டியில் இதற்கு அவசியமே இல்லை. விற்பவர் வண்டியைச் சாய்த்துத்தான் ஸ்டார்ட் செய்து காட்டுகிறார் என்றால் கார்புரேட்டரைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள்.

மூன்றில் எது சீக்கிரம் எழும்? எல்எம்எல். எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருப்பதால் தினமும் ஒரே மாதிரி பொறி கிடைக்கும். பிந்தைய சேத்தக்குகளிலும் எலெக்ட்ரானிக் உண்டு. பழைய சேத்தக்கிலும் விஜய் சூப்பரிலும் எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட்டுக்கு உள்ளே, பொறி உண்டாக்கும் பாயிண்ட், கண்டென்சர். பாயிண்டின் இடைவெளி 0.4 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்க வேண்டும். மேக்னட்டின் ஜன்னல் வழியாக இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம், பழகினால் பத்து நிமிட வேலை. கண்டென்சர்தான் துரோகி. குளிர்ந்த எஞ்சினில் முதல் மிதியிலேயே எழும், இருபது கிலோமீட்டர் அருமையாக ஓடும், டீ குடிக்க நிறுத்திவிட்டு மிதித்தால் செத்துக் கிடக்கும். அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும். இந்த நாடகம் நடந்தால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம், கண்டென்சரை மாற்றுங்கள். புதிதாகக் கிடைக்கும் கண்டென்சர்கள் பலவும் மட்டமானவை என்பதால், விஜய் சூப்பர் எடுப்பவர்களுக்கு என் யோசனை, முதல் செலவாக 12 வோல்ட் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடுவது. ஒரிஜினல் பைத்தியங்கள் திட்டுவார்கள், திட்டட்டும். 6 வோல்ட் விளக்கு நின்ற வண்டியில் மின்மினிப் பூச்சி மாதிரி எரியும். அந்த வெளிச்சத்தில் இரவு ஊர் திரும்புவது வீரம் இல்லை.

நிறுத்தும்போது செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால், வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே டேப்பை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓட்டி வந்து நிறுத்துங்கள். கிண்ணத்தில் நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் போகும். கலந்திருக்கும் ஆயில் மட்டும் பிசினாக ஜெட்டில் உட்காரும். "புதுசா ரெஸ்டோர் பண்ண வண்டி சார், மாசம் ஒரு தடவை மக்கர் பண்ணுது" என்கிற புகாரில் பெரும்பாலானவை இதுதான்.

சாலையில்

வெஸ்பா குடும்பத்து வண்டியில் எஞ்சின் வலது பக்கம் தொங்குகிறது. அதனால் எடை இரண்டு பக்கமும் சமமாவதில்லை. சேத்தக்கில் கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் போகும். பழகிய உடம்பு தானாகவே லேசாகச் சரிந்து உட்காரும், அவ்வளவுதான். லாம்பிரெட்டாவில் எஞ்சின் நடுவில், இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் படுத்திருக்கிறது. வண்டியும் கொஞ்சம் நீளம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நெடுஞ்சாலையில் விஜய் சூப்பர் போகிற நிதானம் சேத்தக்குக்கு வராது. பின்னால் ஆள் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். லாம்பிரெட்டாவுக்காகக் கஷ்டப்படுகிறவர்கள் ஏன் கஷ்டப்படுகிறார்கள் என்பது ஒரு நீண்ட நேர்சாலையில் ஓட்டிப் பார்த்தால்தான் புரியும்.

நகரத்துக்குள் கதை மாறும். குறுகிய சந்தில் திருப்ப, நெரிசலில் நுழைய சேத்தக்கும் எல்எம்எல்லும் சுலபம். கியர் மூன்றிலும் இடது கைப்பிடியில்தான். ஆனால் கேபிள் தளர்ந்தால் வெஸ்பா வகையில் நியூட்ரல் கிடைக்காமல் சிக்னலில் வியர்க்கும். சேத்தக்கில் ஏற்றத்தில் இழுக்கும்போது கியர் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். உள்ளே பல்சக்கரங்களைப் பிடிக்கிற சிலுவை வடிவத் துண்டு தேய்ந்திருந்தால்தான் அப்படி நடக்கும். துண்டின் விலை சொற்பம். அதை மாற்ற எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும் என்பதுதான் செலவு.

பிரேக் விஷயத்தில் மூன்றுமே இன்றைய வண்டிகளோடு ஒப்பிட ஆகாது. சேத்தக்கின் முன் பிரேக் வேகத்தைக் குறைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும், நிறுத்துகிறேன் என்று சொல்லாது. எல்எம்எல் பரவாயில்லை. முன்னால் போகும் வண்டிக்கு நீங்கள் வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொள்வதுதான் வழி.

மலைப்பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பழகிய தலைமுறைக்கு இது தெரிவதே இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும், ஆயிலும் நிற்கும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இரண்டாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மூடி, எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும் என்று இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஆயில் வராது. சில வினாடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துவிடுங்கள், ஒரு சொட்டு ஆயில் உள்ளே போகும். நேர்சாலையில் நெடுநேரம் முழு வேகத்தில் போய்விட்டுச் சட்டென்று மூடுவதும் இதே ஆபத்துதான். எஞ்சின் சத்தம் இறுகுவது போலவும் வண்டி யாரோ பின்னால் இழுப்பது போலவும் தோன்றினால் யோசிக்காமல் கிளட்சை அமுக்குங்கள். பிடித்துக்கொண்ட பிஸ்டன் பின் சக்கரத்தையும் பூட்டிவிடும். அந்த ஒரு நொடிக்காகவே பழைய ஆட்கள் கிளட்சின் மேல் இரண்டு விரலை எப்போதும் வைத்திருப்பார்கள்.

ஆயில், கரி, ஸ்பேர்

சேத்தக்குக்கும் எல்எம்எல்லுக்கும் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 2 சதவீதம். பழைய லாம்பிரெட்டாவின் கையேட்டுக் கணக்கு 4 சதவீதம், லிட்டருக்கு 40 மில்லி. அந்தக் கால ஆயிலுக்குச் சொன்னது அது. இன்றைய நல்ல ஆயிலில் 3 சதவீதம் விட்டு நன்றாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிலிண்டரைக் கடைந்து புதிதாக போர் பண்ணிய எஞ்சினுக்கு முதல் 500 கிலோமீட்டர் நான் 4-ஐக் குறைக்கச் சொல்ல மாட்டேன். டப்பாவில் ஜாஸோ எஃப்சி என்ற தரக்குறி போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். புகையும் கரியும் குறையும். கார், பைக் எஞ்சின் ஆயில் எதையும் கலக்கக் கூடாது, அது எரிவதற்காகச் செய்தது அல்ல. ஆயிலை முதலில் ஊற்றிவிட்டு அதன் மேல் பெட்ரோல் போட்டால் தானாகக் கலந்துவிடும். பங்கில் பையனிடம் இதைச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பான். பங்கிலேயே 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில், பம்பு நின்ற காலத்தை அவன் பார்த்ததில்லை.

கியர் ஆயிலில்தான் தெரிந்த மெக்கானிக்குகளும் கோட்டை விடுகிறார்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் எஸ்ஏஇ. வெஸ்பா வகைக்கு எஸ்ஏஇ 30, கால் லிட்டர். லாம்பிரெட்டாவுக்கு எஸ்ஏஇ 90, முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 90-ஐ சேத்தக்கில் ஊற்றினால் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு, கிளட்சைப் பிடித்தாலும் வண்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். லாம்பிரெட்டாவில் ஜிஎல்-5 என்று போட்ட 90 வேண்டாம், ஜிஎல்-4 வாங்குங்கள். உள்ளே வெண்கலப் புஷ்கள் இருக்கின்றன, ஜிஎல்-5இல் கலந்திருக்கும் வேதிப்பொருளுக்கு அவை ஆகாது.

புகையைப் படிக்கத் தெரிந்தால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். காலையில் வரும் நீலப்புகை சகஜம். சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை, கூடவே கியர் ஆயில் மட்டம் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய், கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. மேக்னட் பக்கத்து சீல் போனால் புகையே வராது, அதுதான் மோசம். வெறும் காற்று உள்ளே போய்க் கலவை நீர்த்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே எஞ்சின் வேகம் தானாக ஏறும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கின் மூக்கு காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வெளுத்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கருப்பாக ஈரமாக இருந்தால் ஆபத்தில்லை, சோக்கோ ஜெட்டோ ஆயிலோ ஒன்று அதிகம்.

45 கிலோமீட்டர் வரை நன்றாகப் போய் அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது என்று கார்புரேட்டரையே குடைகிறவர்கள் சைலன்ஸரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் எரிந்த கரி உள்ளே பாறையாக உறைந்து, புகை போகிற வழி விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தக் காலத்தில் சைலன்ஸரைத் தீயில் போட்டுப் பழுக்கவிட்டுத் தட்டுவார்கள். இன்றும் அதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை, பிறகு வெப்பம் தாங்கும் கருப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டால் போதும். சிலிண்டரின் புகை வாயிலையும் மரக்குச்சியால் சுரண்டிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும்.

வேலைக்கு எது சுலபம் என்பதில் போட்டியே இல்லை. வெஸ்பா வகையில் சட்டத்தோடு எஞ்சினைப் பிடிப்பது ஒரு நீளமான போல்ட், ஷாக் அப்சார்பரின் ஒரு போல்ட், அப்புறம் கேபிள்கள். கை தேர்ந்தவர் அரை மணியில் இறக்கிவிடுவார். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு நேரே பல்சக்கரம், செயின் கிடையாது. லாம்பிரெட்டாவில் மூடிக்குள் ஆயிலில் மிதக்கும் இரட்டை வரிசைச் செயின். அது எளிதில் தேயாது என்பது நிஜம்தான், ஆனால் மேக்னட்டைக் கழற்ற ஒரு புல்லர், பின் ஹப்பைக் கழற்ற ஒரு புல்லர், கிளட்சை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சாமான் வேண்டும். கருவி இல்லாத மெக்கானிக் உளியையும் சுத்தியலையும் எடுப்பார். புதுப்பித்த லாம்பிரெட்டாவின் நட்டுகளில் உளித் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எப்படி வேலை நடந்திருக்கும் என்பதை அது சொல்லிவிடும்.

ஸ்பேர் விஷயத்தில் சேத்தக் ராஜா. தாலுகா தலைநகரில்கூட கேபிள், கிளட்ச் பிளேட், ரிங் பிஸ்டன் கிடைத்துவிடும். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் கிடைப்பதில் பாதி டூப்ளிகேட். ரப்பர் சாமான்கள் ஆறு மாதத்தில் வெடிக்கும். எல்எம்எல் கம்பெனி மூடிப் போய்விட்டது, ஆனாலும் அதன் எஞ்சின் வெஸ்பா பி வரிசையின் நேர் வாரிசு என்பதால் உலகம் முழுக்கச் சாமான் செய்கிறார்கள். எஞ்சின் பாகம் கவலையில்லை. பின் விளக்கு, முகப்பு, மீட்டர் மாதிரி உடம்புப் பாகங்கள்தான் தேட வேண்டும். விஜய் சூப்பருக்கு வட இந்தியாவிலிருந்து பார்சல் வர வேண்டும். அளவு சரியாக இருக்கும் தரமான சாமான் வேண்டுமென்றால் இத்தாலி, இங்கிலாந்து. விலையோடு சுங்க வரியும் சேரும். லக்னோவில் செய்த வண்டிக்கு இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

எத்தனால் பெட்ரோல் மூன்றையும் சமமாகப் படுத்துகிறது. இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூப் ஊதிப்போகும், கார்புரேட்டரின் ஊசி முனை ரப்பர் இளகும், டேங்க் ஈரத்தை இழுத்துத் துருப் பிடிக்கும். அதோடு, எத்தனால் கலந்தால் கலவை நீர்க்கும். நீர்த்த கலவை என்றால் சூடு. டியூபையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, பிளக் நிறம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்க் நிறையப் போட்டு இரண்டு மாதம் மூடி வைக்கிற பழக்கம் இனி ஆகாது.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

"சார், பெயிண்ட்ட பாக்காதீங்க, பிளக்க கழட்டிப் பாருங்க" என்பார் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர். இங்கிருந்து லாம்பிரெட்டாக்களும் வெஸ்பாக்களும் ஏற்றுமதியாகத் தொடங்கியபோது, இரண்டு மூன்று வண்டிகளை வெட்டி ஒட்டி, பட்டி பூசி, இரண்டு நிறப் பெயிண்ட் அடித்து அனுப்பும் ஒரு தொழிலே வளர்ந்தது. வெளிநாட்டில் அந்த வண்டிகளுக்கு நல்ல பெயர் இல்லை. அதே கைவேலை உள்ளூரிலும் விற்கிறது.

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். வெஸ்பா வகையில் தகரமே சட்டம், ஆகவே கால் வைக்கும் தளத்தின் அடிப்பக்கம், டேங்குக்குக் கீழே, பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடம் இந்த மூன்றிலும் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. அங்கே துரு தின்றிருந்தால் வண்டியின் முதுகெலும்பே போனது என்று பொருள். லாம்பிரெட்டாவில் தகரம் வெறும் உடுப்பு. உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்பதே கேள்வி. இன்னொன்று, லாம்பிரெட்டா எஞ்சினைச் சுற்றித் தகரக் கூடு ஒன்று இருக்கும், விசிறிக் காற்றைச் சிலிண்டர் மேல் செலுத்துவது அதுதான். புதுப்பிக்கிறவர்கள் அதில் ஒரு துண்டையோ நாலு ஸ்க்ரூவையோ விட்டுவிடுவார்கள். வெளியே தெரியாது, வெயில் காலத்தில் பிஸ்டனுக்குத் தெரியும்.

வண்டியைக் குளிர்ந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கிராங்க், பேரிங், பிஸ்டன் மாற்றியதற்கு பில் கேளுங்கள். "ஃபுல் எஞ்சின் வேலை முடிச்சாச்சு" என்பதற்கு பில் இல்லையென்றால் முடியவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

காகிதம்தான் கடைசித் தடை, பல பேருக்கு முதல் தடை. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் 2025இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது, நம் ஊரில் பசுமை வரி தனி. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு என்று ஒன்று உண்டு: எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் சாதாரண ஆர்சியை உயிரோடு வைத்திருப்பதே மேல். புகைச் சான்றிதழுக்கு 2000ஆம் ஆண்டு மார்ச்சுக்கு முன் செய்த இரு சக்கர வண்டிகளின் வரம்பு கார்பன் மோனாக்சைடு (சிஓ) 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எச்சி) 9,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 9,000 பங்கு. ஆயில் அளவும் ஜெட்டும் சரியாக இருந்தால் டூ-ஸ்ட்ரோக்கும் இதில் தேறிவிடும்.

பழைய கையெழுத்து ஆர்சி புத்தகங்களின் விவரம் பல இடங்களில் அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏறியிருக்காது. அது ஏறாமல் பெயர் மாற்றமும் நடக்காது, இன்சூரன்ஸும் இழுத்தடிக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போனிலேயே எண்ணைப் போட்டுப் பாருங்கள், சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸிஸ் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் எண் தெரியவில்லை என்று சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். நேரான ஆர்சியோடு சுமாரான பெயிண்டில் ஒரு எல்எம்எல்லும், காகிதம் இல்லாமல் கண்ணைப் பறிக்கும் ஒரு எல்ஐ 150-யும் ஒரே விலைக்கு வந்தால், நான் எல்எம்எல்லை எடுத்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பெயிண்ட் அடிக்கிறவரைத் தேடுவேன்.